ஆக்சிலேட்டரை விட்டு வண்டி உருளும்போது எஞ்சின் நின்றுபோகிறது, ஆனால் எப்போதாவதுதான்

காங்கேயம்_காளை

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2011 மாடல் பெட்ரோல் கார், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், மேனுவல் கியர். த்ராட்டில் கேபிள் வகை. ஏபிஎஸ் கிடையாது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. கம்பெனி பெயர் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஓடும்போது ஒரு குறையும் இல்லை. இழுவை இருக்கிறது, மைலேஜும் குறையவில்லை. வேகத்தடையோ சிக்னலோ வருகிறது என்று ஆக்சிலேட்டரை விட்டு, கிளட்சை மிதித்து உருட்டிக்கொண்டு போகும்போதுதான் தொல்லை. ஆர்பிஎம் (எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும்) முள் இறங்கி 800க்கு வந்து நிற்க வேண்டும். நிற்காமல் அப்படியே கீழே போய் எஞ்சின் ஆஃப் ஆகிவிடுகிறது. சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்கிறது. சில நாள் ஒன்றுமே இருக்காது. சில நாள் காங்கேயத்தில் கிளம்பி பல்லடம் போய்ச் சேர்வதற்குள் பல தடவை.

செக் எஞ்சின் விளக்கு எரிவதில்லை. பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஒரு இடத்தில் ஸ்கேனர் போட்டு "கோளாறு கோடு (code) எதுவும் இல்லை, ஈசியூ போயிருக்கும்" என்றார்கள், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். இன்னொரு இடத்தில் பெட்ரோல் பம்ப் என்றார்கள். ஈசியூ விலையைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பாவை மாதாமாதம் கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். அவிநாசி ரோட்டில் பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும்போது இப்படி நின்றால் என்ன ஆவது என்றுதான் கவலை. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்று சொல்லுங்க.

பீளமேட்டுப்_பட்டறை

தம்பி, இனி ஒரு பொருளும் வாங்காதீங்க. எப்போதாவது வருகிற கோளாறுக்குப் பொருள் மாற்றிப் பார்ப்பது வீண் செலவு. மாற்றிய மறுநாள் வண்டி ஒழுங்காக ஓடும், சரியாகிவிட்டது என்று நினைப்போம். அடுத்த வாரம் மறுபடி நிற்கும். பழைய பொருள் கெட்டதா நல்லதா என்பதே தெரியாமல் போய்விடும்.

நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்க. எஞ்சின் ஆஃப் ஆகும் அந்த ஒன்றிரண்டு விநாடியில் ஆர்பிஎம் முள் எப்படி விழுகிறது? டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிகிறது? கிளட்ச் மிதிக்காமல் கியரில் உருளும்போதும் நிற்கிறதா? எஞ்சின் சூடானபிறகா, ஆறியிருக்கும்போதா? ஏசி போட்டால் கூடுதலா? டேங்க் நிரப்பியவுடன் கூடுதலா?

முள்ளை ஏன் கேட்கிறேன் என்றால், பாதி வேலையை அதுவே முடித்துவிடும். வண்டி கியரில் உருள்கிறது, கிளட்சில் கால் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்க. அப்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. பெட்ரோல் வராவிட்டாலும், ஸ்பார்க் அடிக்காவிட்டாலும், கிராங்க் (எஞ்சினின் முக்கியத் தண்டு) சுற்றிக்கொண்டுதான் இருக்கும். முள்ளும் அந்தச் சுற்றைக் காட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் முள் சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், கிராங்க் சுற்றுவது ஈசியூவுக்கே தெரியவில்லை என்று அர்த்தம். கிராங்க் சென்சார், அதன் வயர், இல்லையென்றால் ஈசியூவுக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலே, இக்னிஷன் சுவிட்ச். தேட வேண்டியது இவ்வளவுதான்.

இதிலும் விளக்கைப் பார்த்தால் இன்னும் சுருங்கும். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் பளிச்சென்று எரிந்தால் டேஷ்போர்டுக்குக் கரண்ட் இருக்கிறது, சென்சார் பக்கம் போகலாம். எல்லா விளக்கும் ஒட்டுமொத்தமாக அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச் அல்லது பேட்டரி முனை. சாவிக்கொத்தில் வீட்டுச்சாவி, கடைச்சாவி, தோட்டத்துச்சாவி எல்லாம் தொங்கவிட்டு ஓட்டுபவர்களுக்கு இக்னிஷன் சுவிட்ச் தேய்வது சகஜம்.

முள் பூஜ்யத்துக்குக் குதிக்காமல், படிப்படியாக இறங்கி 700, 500, 300 என்று போய் நின்றால் கதை வேறு. அது காற்று, பெட்ரோல் சம்பந்தப்பட்டது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காமல் எஞ்சின் தானே சுற்றும்போது, அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது பிடிக்கவில்லை.

வெள்ளகோவில்_பைபாஸ்

எனக்கு இதே தொந்தரவு இருந்தது, கிராங்க் சென்சார்தான். அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் நிற்கும். உடனே ஸ்டார்ட் ஆகாது. இருபது நிமிஷம் ஓரமாக நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். ஒரு மெக்கானிக் ஈரத்துணியைப் பிழிந்து சென்சார் மேல் சுற்றினார், ரெண்டு நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆனது. உள்ளே இருக்கும் சுருள் கம்பி சூட்டில் விட்டுவிடுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது என்றார். புதுச் சென்சார் போட்டதோடு சரியாகிவிட்டது. நீங்களும் அதையே மாற்றிவிடுங்க.

காங்கேயம்_காளை

பீளமேட்டு அண்ணா, கவனித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முள் குதிக்கவில்லை, இறங்கித்தான் போகிறது. வேகமாக இறங்குகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது. ஆஃப் ஆனபிறகு ஆயில், பேட்டரி விளக்குகள் எரிகின்றன. கிளட்ச் மிதித்தால் அல்லது நியூட்ரலில் போட்டால் மட்டும்தான் நிற்கிறது. கியரில் உருளும்போது நின்றதே இல்லை. காலையில் எடுத்தவுடன் வராது, சூடானபிறகுதான். ஏசி போட்டால் கூடுதல். டேங்க் நிரப்புவதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. நின்றால் மறு விநாடியே ஸ்டார்ட் ஆகிவிடும், காத்திருக்க வேண்டியதில்லை.

பீளமேட்டுப்_பட்டறை

நல்லா கவனிச்சிருக்கீங்க. வெள்ளகோவில் நண்பர் சொன்னது அவர் வண்டிக்குச் சரி. உங்கள் வண்டியில் முள் படிப்படியாக இறங்குகிறது, உடனே ஸ்டார்ட்டும் ஆகிறது. கிராங்க் சென்சாரைத் தள்ளி வைக்கலாம். பெட்ரோல் பம்ப் என்று சொன்னவருக்கும் இதுவே பதில். பம்ப் பலவீனமானால் முதலில் அடி வாங்குவது இழுவைதான், பெருந்துறை மேம்பாலத்தில் ஏறும்போதே திணறும். ஐடிலிங்குக்கு வேண்டிய பெட்ரோல் ரொம்பக் கொஞ்சம்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். கியரில் ஓடும்போது ஆக்சிலேட்டரை முழுக்க விட்டால் ஈசியூ, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மூடிவிடும். ஒரு சொட்டுப் பெட்ரோல் போகாது, சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். ஆர்பிஎம் இறங்கி 1500, 1200 சுமாருக்கு வந்ததும் (வண்டிக்கு வண்டி மாறும்) மறுபடி பெட்ரோலைத் திறக்கும். நீங்கள் அதற்குமுன் கிளட்சை மிதித்தால் எஞ்சினைச் சுற்ற ஆளில்லை, ஆர்பிஎம் கடகடவென்று இறங்கும். அந்தக் கணத்தில் பெட்ரோலும் திரும்ப வர வேண்டும், போதுமான காற்றும் உள்ளே போக வேண்டும். ஆக்சிலேட்டரோடு திறந்து மூடும் த்ராட்டில் தகடு மூடியிருப்பதால் காற்றுக்கு ஒரே பக்கவழி, ஐஏசி வால்வ். ஒரு சின்ன மோட்டார் ஊசியை முன்னும் பின்னும் நகர்த்தி அந்த வழியைக் கூட்டும், குறைக்கும்.

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அந்த வழியில் கரி படிந்திருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஐடிலிங் கூடுதலாக வைத்திருப்பதால் தெரியாது. சூடானதும் ஐடிலிங் குறையும், ஏசி கம்ப்ரஸர் சுமை வேறு சேரும், தாங்காது. நீங்கள் சொன்ன அறிகுறி எல்லாம் இதற்குப் பொருந்துகிறது. செலவும் குறைவு. இங்கே ஆரம்பிக்கலாம்.

சுத்தம் செய்வதில் கவனம் வேண்டும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஐஏசி வால்வை எடுங்க. ஊசியைக் கையால் இழுக்கவோ அமுக்கவோ கூடாது, உள்ளே பல் உடைந்துவிடும். ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துடைங்க, மோட்டார் பக்கம் இறங்கக் கூடாது. த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் கறுப்பாக ஒரு வளையம் தெரியும், அதை மெல்லிய பிரஷ்ஷால் எடுங்க. தகட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டாப் ஸ்குரூவைத் தொடவே வேண்டாம். ஐடிலிங்கைக் கூட்டுகிறேன் என்று அதைத் திருகிவிட்ட வண்டிகள் எங்கள் பட்டறைக்கு நிறைய வருகின்றன. மாட்டியபிறகு ஏசி இல்லாமல் சில நிமிஷம், ஏசி போட்டுச் சில நிமிஷம் ஐடிலிங்கில் விடுங்க, ஈசியூ புது அளவைப் பழகிக்கொள்ளும்.

அப்புறம் ஒரு சோதனை. வண்டியை நிறுத்தி வைத்து, நன்றாகச் சூடானதும், ஏசி, ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டு 3000 வரை ரேஸ் பண்ணி சட்டென்று விடுங்க. முள் 800இல் வந்து உட்காருகிறதா, 500க்குப் போய்த் தடுமாறுகிறதா என்று பாருங்க.

நொய்யல்கரை

திருப்பூரிலிருந்து. கேஸ் கிட் போட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. பழைய மிக்ஸர் வகை எல்பிஜி கிட் இருந்தால் இதே அறிகுறி வரும், பெட்ரோலில் வராது. வேகமாகப் போகும்போது முன்பக்கக் காற்று ஏர் ஃபில்டர் வாய்க்குள் நேராக அடித்தால், ஆக்சிலேட்டரை விட்ட நேரத்தில் கேஸைவிடக் காற்று கூடிவிடும். எங்கள் வண்டியில் காற்று இழுக்கும் வாயை முன்பக்கம் பார்க்காமல் திருப்பி வைத்தபிறகு நின்றது. கேஸிலும் பெட்ரோலிலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் கோளாறு என்று தெரிந்துவிடும்.

காங்கேயம்_காளை

எனக்கு கேஸ் கிட் இல்லைங்க. பெட்ரோல் மட்டும்தான்.

கோபி_வாய்க்கால்

எல்லாம் இந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்ததிலிருந்துதான். 2011 வண்டி இதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. பெட்ரோலை மாற்ற முடியாது, அதனால் இதற்கு மருந்தும் இல்லை.

ஆழியாறு

கோபி அண்ணா, எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் தேவைப்படும், உண்மைதான். ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ தானே அதைக் கூட்டிக்கொள்ளும். ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற அளவு) சில சதவீதம் ஏறித் தெரியும். பழைய ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் நாளடைவில் கெடலாம், அதையும் மறுக்கவில்லை. ஆனால் பெட்ரோல்தான் காரணம் என்றால் காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இழுவையிலும் தெரிய வேண்டும். இவருக்கு உருளும்போது மட்டும், அதுவும் சில நாள் மட்டும் வருகிறது. மருந்து இல்லை என்று விட்டுவிட வேண்டாம், தேடினால் கிடைக்கும்.

(நான் பொள்ளாச்சியில் ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். பீளமேட்டு அண்ணா சொன்ன வேலையை முதலில் முடியுங்க, பிறகு வருகிறேன்.)

நாமக்கல்_டிரெய்லர்

டீசல் வண்டிக்கும் இதே மாதிரி வரும். எங்கள் வண்டியில் டேங்க்கிலிருந்து பம்புக்கு வரும் லைனில் காற்று இழுத்தது. வாஷர் தேய்ந்திருந்தது. டீசல் வெளியே கசியவே இல்லை, காற்று மட்டும் உள்ளே போனது. ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒன்றை நடுவில் போட்டுப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரியும்.

நிர்வாகி

பயனுள்ள தகவல். டீசலுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே தொடருங்கள். இங்கே பெட்ரோல் மட்டும். பட்டறைகளின் பெயரைக் குறிப்பிட்டுக் குறை எழுத வேண்டாம்.

திம்பம்27

கோளாறைக் கண்டுபிடிக்கும்வரை மலைப்பாதைக்குக் கொண்டுபோகாதீங்க. இதைச் சொல்லத்தான் வந்தேன். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் 27 கொண்டை ஊசி வளைவு, ஆழியாற்றிலிருந்து வால்பாறை 40, கொல்லிமலை 70. இந்த இறக்கங்களில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று ஓட்டுகிற எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பிரேக் போய்விடாது. பிரேக் மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வேக்குவம் ரெண்டு மூன்று மிதிக்குத் தாங்கும். அதனால் பம்ப் அடிக்காதீங்க, ஒரே மிதியாக அழுத்திப் பிடிங்க. அதற்குப்பின் பெடல் கல் மாதிரி இறுகிவிடும், முழு பலத்தில் மிதித்தால் பிடிக்கும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும், ஆனால் திரும்பும். எக்காரணம் கொண்டும் சாவியைக் கடைசிவரை பின்னால் திருப்பி எடுக்கக் கூடாது, ஸ்டியரிங் லாக் விழுந்துவிடும். சாவி ஆனில் இருக்கட்டும், மூன்றாம் கியரில் போட்டு கிளட்சை மெதுவாக விட்டால், உருளும் வேகத்திலேயே எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குபவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். மேலே பீளமேட்டுக்காரர் எழுதியதைப் படிங்க. கியரில் இறங்கினால் இன்ஜெக்டர் மூடியிருக்கும், பெட்ரோல் செலவே இல்லை. நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் குடிக்கும். மிச்சமும் இல்லை, எஞ்சின் பிரேக்கும் இல்லை, பிரேக் பேட் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்து வேறு. கார்புரேட்டர் காலத்துப் பழக்கம், விட்டுவிடுங்க.

காங்கேயம்_காளை

திம்பம் அண்ணா, ரொம்ப நன்றி. அந்த மூன்றாம் கியர் விஷயம் எனக்குத் தெரியாது.

சுத்தம் செய்தாகிவிட்டது. தகட்டைச் சுற்றி நல்ல கரி, ஐஏசி ஊசியின் மூக்கில் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. முதல் சில நாள் நிற்கவே இல்லை. முந்தாநாள் ஊதியூர் தாண்டித் தாராபுரம் போகும் வழியில் மறுபடி நின்றது. அதே மாதிரிதான், கிளட்ச் மிதித்ததும் முள் இறங்கி ஆஃப். முன்பைவிடக் குறைவு, ஆனால் போகவில்லை.

நிறுத்தி வைத்து ரேஸ் பண்ணும் சோதனை செய்தேன். ஏசி, லைட் எல்லாம் போட்டு 3000இலிருந்து விட்டாலும் முள் 900க்கு வந்து, அங்கிருந்து 800க்கு அழகாக இறங்கி உட்காருகிறது. எத்தனை தடவை செய்தாலும் அப்படியே. ஓடும்போது மட்டும்தான் வருகிறது.

பீளமேட்டுப்_பட்டறை

அப்படியானால் ஐஏசி வால்வ் தன் வேலையைச் செய்கிறது. புது வால்வ் வாங்க வேண்டாம். இனி எலக்ட்ரிகல் பக்கம். பொள்ளாச்சி அம்மணி சொல்லட்டும்.

ஆழியாறு

அண்ணா எழுதிய சோதனையில்தான் விடை இருக்கிறது. நிற்கும் வண்டியில் 3000இலிருந்து விட்டால் பிடிக்கிறது. ஓடும் வண்டியில் 3000இலிருந்து கிளட்ச் மிதித்தால் சில நேரம் பிடிக்கவில்லை. எஞ்சின் அதே எஞ்சின், வால்வ் அதே வால்வ். வண்டி ஓடும்போது மட்டும் கூடுதலாக என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் பிரேக். வேகத்தடைக்கு முன்னால் பிரேக்கை மிதிக்கிறீங்க. பூஸ்டரின் டயஃப்ரம் கிழிந்திருந்தால் அந்த நேரத்தில் இன்டேக்குக்குள் (எஞ்சின் காற்று இழுக்கும் வழி) தப்புக் காற்று போகும். இதை நின்ற இடத்திலேயே பார்க்கலாம். ஐடிலிங்கில் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்க. உஸ் என்று சத்தம் தொடர்ந்து வந்தாலோ, முள் இறங்கி ஆடினாலோ பூஸ்டர். மிதித்தவுடன் ஒரு சின்ன அசைவு வந்து சமமாகிவிட்டால் சரி.

அடுத்தது பர்ஜ் வால்வ். பெட்ரோல் டேங்க் ஆவியைச் சேர்த்து வைக்கும் கேனிஸ்டரிலிருந்து எஞ்சினுக்கு ஒரு சின்ன ஹோஸ் வரும். பெரும்பாலும் சூடாகி ஓடும்போதுதான் ஈசியூ அதைத் திறக்கும். வால்வ் மூடாமல் சிக்கிக்கொண்டால், காலை எடுத்த நேரத்தில் ஆவி கூடுதலாக வந்து எஞ்சினை மூழ்கடிக்கும். சோதனைக்காக அந்த ஹோஸைக் கழற்றி இன்டேக் பக்கத்தை அடைத்துவிட்டு சில நாள் ஓட்டிப் பாருங்க.

மூன்றாவது குலுக்கல். ரோட்டில் எஞ்சின் ஆடும், வயர் ஆடும். ஐடிலிங்கில் நிறுத்தி வைத்து ஒவ்வொரு கனெக்டராகப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்க. பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் வயரையும் சேர்த்து.

நான்காவது வேகம். வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதும் ஈசியூவுக்குப் போகிற ஒரு சேதிதான். உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இல்லை, அதனால் கியர் பாக்ஸ் மேலே தனியாக ஒரு ஸ்பீடு சென்சார் இருக்கும். ஸ்பீடோமீட்டருக்கும் ஈசியூவுக்கும் பெரும்பாலும் அதே சென்சார்தான். ஸ்பீடோ முள் எப்போதாவது நடுங்குகிறதா?

காங்கேயம்_காளை

அக்கா, பூஸ்டர் சோதனை செய்தேன், சத்தம் இல்லை, முள் ஆடவில்லை. பர்ஜ் ஹோஸை அடைத்து ஓட்டினேன், அப்போதும் நின்றது. கனெக்டர்களை அசைத்ததில் ஒன்றும் ஆகவில்லை. கியர் பாக்ஸ் பக்கம் இருப்பதற்கு மேலிருந்து கை எட்டவில்லை.

ஸ்பீடோ முள் நடுங்குவது உண்மை. 40, 50இல் போகும்போது சில நேரம் 20க்கு விழுந்து திரும்ப ஏறும். ரொம்ப நாளாக இருக்கிறது. மீட்டர் பழசாகிவிட்டது என்று ஒரு எலக்ட்ரீஷியன் சொன்னதால் கண்டுகொள்ளவில்லை.

ஆழியாறு

இதுதான் நான் தேடியது. ஆனால் இன்னும் நிரூபணம் ஆகவில்லை. சென்சாரை மாற்றிவிடாதீங்க.

ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் (ஈசியூ ரீடிங்கைப் போனில் காட்டும் கருவி) சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் செருகி போனில் ஆப் போட்டால் போதும். லைவ் டேட்டாவில் எல்லாவற்றையும் டிக் போடாதீங்க, விலை குறைந்த அடாப்டர் திணறும், ரீடிங் விநாடிக்கு ஒன்றுகூட வராது. ஆர்பிஎம், வேகம், த்ராட்டில் பொசிஷன், இன்டேக் பிரஷர், இந்த நாலு மட்டும். பதிவு செய்ய விட்டுவிட்டு நீங்கள் ரோட்டைப் பாருங்க. கூட ஒருவர் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. பெண்டிங் கோடு என்று தனியாக ஒரு பக்கம் இருக்கும், அதைத் திறந்து பாருங்க. பல கோளாறுகளுக்கு அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் தெரிந்தால்தான் ஈசியூ விளக்கைப் போடும். ஒரு ஓட்டத்தில் வந்து அடுத்ததில் வராவிட்டால் பெண்டிங்கோடு நின்றுவிடும். உறுதியான கோடுகளை மட்டும் பார்த்துவிட்டு "எதுவும் இல்லை" என்று சொல்லியிருக்க வாய்ப்பு உண்டு.

காங்கேயம்_காளை

கிடைத்துவிட்டதுங்க அக்கா!

மச்சானைக் கூட உட்காரவைத்து வெள்ளகோவில் ரோட்டில் ஓட்டினேன். நின்ற இடத்துப் பதிவை அப்படியே எழுதுகிறேன். காலை எடுத்தபோது ஆர்பிஎம் 2100, வேகம் 46. கிளட்ச் மிதித்ததும் ஆர்பிஎம் 1500, வேகம் 44. அடுத்த வரியில் ஆர்பிஎம் 1000, வேகம் 0. அதற்கடுத்த வரியில் ஆர்பிஎம் 420, வேகம் 0. பிறகு ஆஃப். வண்டி அப்போது நாற்பதுக்கு மேல் உருண்டுகொண்டிருந்தது, கையில் ஸ்டியரிங் இருந்த எனக்குத் தெரியாதா. த்ராட்டில் ரீடிங் ஒழுங்காகவே இருந்தது.

நிற்காத இடங்களையும் பார்த்தேன். அங்கெல்லாம் வேகம் 44, 41, 37 என்று ஒழுங்காக இறங்குகிறது, முள் 1000 பக்கம் கொஞ்சம் தங்கிவிட்டுத்தான் 800க்கு வருகிறது. பெண்டிங் பக்கத்தில் பி0500 இருக்கிறது, ஸ்பீடு சென்சார் கோடு.

கோபி_வாய்க்கால்

வேகம் காட்டுகிற சென்சாருக்கும் எஞ்சின் நிற்பதற்கும் என்ன சம்பந்தம்? ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து வருஷக்கணக்கில் ஓடிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். புரியவில்லை, அதனால் கேட்கிறேன்.

ஆழியாறு

நியாயமான கேள்வி. கார்புரேட்டர் வண்டியில் சம்பந்தமே கிடையாது. இன்ஜெக்‌ஷன் வண்டியில், ஓடும்போது காலை எடுத்தால் பல ஈசியூக்கள் ஐஏசி வால்வைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைத்து ஆர்பிஎம்மை மெதுவாக இறக்கும். காளை பார்த்த அந்த "1000 பக்கம் கொஞ்சம் தங்குவது" அதுதான். வேகம் பூஜ்யம் என்று சேதி வந்தால் வண்டி நின்றுவிட்டது என்று நம்பி, நிற்கும் வண்டிக்கான அளவுக்கு வால்வை மூடும். ஆர்பிஎம் அப்போது வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது, வால்வும் மூடுகிறது. திரும்பத் திறந்து பிடிப்பதற்குள் எஞ்சின் நின்றுபோகும். நிறுத்தி வைத்த வண்டியில் இந்தக் குழப்பம் வராது, அங்கே வேகம் எப்போதும் பூஜ்யம்தான், திடீர் மாற்றம் இல்லை.

எல்லாக் கம்பெனி ஈசியூவும் ஒரே மாதிரி நடக்காது. சிலது வேகத்தைக் கண்டுகொள்ளவே செய்யாது. சென்சார் முழுக்கச் செத்துவிட்டால், கோளாறு என்று குறித்துக்கொண்டு ஐடிலிங்கைச் சற்றுத் தூக்கி வைக்கும் ஈசியூக்களும் உண்டு. வந்து வந்து போகும் சேதிதான் ஈசியூவை ஏமாற்றும். கரி இருந்தபோது அடிக்கடி நின்றதும், சுத்தம் செய்தபிறகு குறைந்ததும் இதோடு ஒத்துப்போகிறது, வால்வுக்குத் தாங்கும் சக்தி கொஞ்சம் கூடியது.

காளை, இப்போது சென்சாரா, கனெக்டரா என்று பிரிக்க வேண்டும். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் கொடுங்க. கியர் நியூட்ரல், எஞ்சின் ஆஃப், சாவி ஆன். கனெக்டரில் மூன்று வயர் இருக்கும்: சப்ளை, எர்த், சிக்னல். சிக்னல் வயரின் பின்பக்கம் மல்டிமீட்டர் ஊசியை வைத்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்க. வோல்ட் ஏறி இறங்கி ஏறி இறங்க வேண்டும். சுற்றிக்கொண்டே இன்னொருவர் கனெக்டரை அசைக்கட்டும். அசைக்கும்போது மட்டும் அந்த ஏற்ற இறக்கம் நின்றால் சென்சார் நல்லது, கனெக்டரின் பின் (முனை) தான் கெட்டது.

பீளமேட்டுப்_பட்டறை

கனெக்டரைப் பிரித்ததும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா பாருங்க. சென்சாரின் ஓரிங் காய்ந்துவிட்டால் கியர் ஆயில் மேலேறி வரும்.

காங்கேயம்_காளை

ரெண்டு பேரும் சொன்னபடியே இருந்தது. பேட்டரி தட்டைக் கழற்றினால்தான் கை போகிறது. சென்சாரைச் சுற்றிக் கறுப்பாகப் பிசுக்கு, மண்ணோடு சேர்ந்து கட்டியாக இருந்தது. கனெக்டரை இழுத்ததும் உள்ளேயிருந்து ஆயில் சொட்டியது. மூன்று பின்னில் நடுப்பின் பச்சை பூத்திருந்தது, அதன் பிடி விரிந்து ஊசி போட்டால் ஆடுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தோம். அசைக்காதபோது மீட்டரில் 0, 5, 0, 5 என்று ஒழுங்காக மாறியது. மச்சான் கனெக்டரைத் தொட்டதும் மீட்டர் அப்படியே நின்றது.

கான்டாக்ட் கிளீனர் அடித்துக் கழுவி, அந்தப் பின்னை மட்டும் புதிதாக கிரிம்ப் செய்து, ஓரிங் மாற்றி, வயர் இழுபடாமல் இருக்க ஒரு டை போட்டேன். எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. ஈசியூவுக்குச் சொன்ன விலையை இங்கே எழுதவே மனசு வரவில்லை.

அதன்பிறகு கோவைக்கு அப்பாவைக் கூட்டிப் போய்வந்தேன். ஏசி போட்டு, லட்சுமி மில் சிக்னல், சுங்கம் நெரிசல் எல்லாம் பார்த்தாயிற்று. நிற்கவில்லை. ஸ்பீடோ முள்ளும் நடுங்கவில்லை. பெண்டிங் கோடை அழித்துவிட்டேன், திரும்ப வரவில்லை.

வெள்ளகோவில்_பைபாஸ்

என் தங்கை வண்டி ஆட்டோமேடிக். அதுவும் சிக்னலில் நிற்க வரும்போது ஆஃப் ஆகிறது. இதே சென்சாரா?

பீளமேட்டுப்_பட்டறை

அங்கே இன்னொரு சாத்தியமும் உண்டு. டார்க் கன்வர்ட்டர் வகையாக இருந்தால், அதன் லாக்கப் கிளட்ச் விடுபடாமல் ஒட்டிக்கொண்டாலும் அப்படித்தான் நிற்கும், கிளட்ச் மிதிக்காமல் மேனுவல் வண்டியை நிறுத்திய மாதிரி ஒரு குலுக்கல் வரும். குலுக்கலோடு நிற்கிறதா, சத்தமில்லாமல் அணைகிறதா என்று பார்த்துத் தனி இழை போடுங்க.

காளை, ஒரு வேலை பாக்கி இருக்கு. இத்தனை நாள் கசிந்திருக்கிறதே, கியர் ஆயில் குறைந்திருக்கும். சமதளத்தில் நிறுத்தி, கியர் பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும் லெவல் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்க. ஆயில் துவாரத்தின் விளிம்புவரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் தரத்தை மட்டும் ஊற்றுங்க, கடையில் கிடைப்பதை எல்லாம் ஊற்றாதீங்க.

காங்கேயம்_காளை

சரிங்கண்ணா, நாளைக்குக் காலையில் பார்த்துவிடுகிறேன். புத்தகத்தில் 75டபிள்யூ-90 என்று இருக்கிறது.